குவின்ரி குடாவில் பிக்கரல் பிடிக்க கைட் வைப்பது தகுமா?

ஸ்காபரோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து குவின்ரி குடாவுக்குப் போய், காசு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் ஒரு கைட்டின் (guide) படகில் பிக்கரல் என்ற மீனைப் பிடிக்க ஆசைப்படுகிறோம், கொடுக்கிற காசு தகுமா, எந்த மாதம் நல்லது, போனால் மீன் நிச்சயமா? கேள்வி மூன்று என்றாலும் உள்ளே இருக்கிற பயம் ஒன்றுதான். ஒரு நாளையும் காசையும் செலவழித்துவிட்டு வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது? வெறும் பெட்டியோடு வரும் நாள் எந்தக் கைட்டுக்கும் உண்டு, அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் சட்டிக்கு மீன் வேண்டுமா, இல்லை வாழ்நாளில் ஒரு தடவை பெரிய பிக்கரல் ஒன்றைத் தூக்கிப் பார்க்க வேண்டுமா என்று நால்வரும் பேசி முடிவெடுத்துவிட்டுப் போனால் ஏமாற்றம் வெகுவாகக் குறையும். இந்த இரண்டுக்கும் குடா ஒன்றுதான். பருவம் வேறு, இடம் வேறு, பிடிக்கிற முறை வேறு, பெரும்பாலும் கைட்டும் வேறு.

நான் பெல்வில் பக்கம் குடிவந்து பல வருடமாகிறது. சில இலையுதிர் காலங்களில் ஒரு கைட்டின் படகில் கூடமாட வேலை செய்திருக்கிறேன், இப்போது சொந்தமாக ஒரு சின்னப் படகு உண்டு. மீனியல் படித்தவன் அல்ல. மீனின் வாழ்க்கை பற்றி இங்கே சொல்வது வாசித்துத் தெரிந்துகொண்டது, பிடிப்பது பற்றிச் சொல்வது படகில் பார்த்தது. ஒன்று: இங்கே நாங்கள் பிக்கரல் என்பதைத்தான் அமெரிக்கர்கள் வோலாய் என்கிறார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

முதலில் இடம். ரொறன்ரோவிலிருந்து 401இல் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் ட்ரென்ரன், பெல்வில் வரும். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ரிக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, Z எழுத்துப்போல இரண்டு தடவை மடிந்து கிடக்கும் நீண்ட நீர்தான் குவின்ரி குடா. மேல் பகுதி ட்ரென்ரனிலிருந்து பெல்வில் வழியாக டெசரொன்ரோ வரை போகிறது. ஆழம் குறைவு, நீர்த்தாவரம் அதிகம். அங்கிருந்து தெற்கே திரும்பி லோங் ரீச் வழியாகக் கிளெனோரா, பிக்ரன் பக்கம் வரும்போது ஆழம் கூடுகிறது. பிறகு மறுபடி திரும்பி அடோல்ஃபஸ் ரீச் என்ற நேரான ஆழமான பகுதியாக ஏரியில் போய்ச் சேருகிறது. ட்ரென்ற், மொய்ரா, சாமன், நப்பனி என்று நான்கு ஆறுகள் இதற்குள் விழுகின்றன. இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பிக்கரல் பனி உருகிய கையோடு, நீர் இன்னும் கடுங்குளிராக இருக்கும்போதே, ஆறுகளிலும் கல்லும் சரளையுமான திட்டுகளிலும் முட்டையிடும். முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் குடாவில் அதிக நாள் தங்குவதில்லை. கோடை நெருங்கும்போது கீழ்க் குடா வழியாக ஏரியின் கிழக்குப் பகுதிக்குப் போய்விடும். அங்கே குளிர்ந்த நீரும் ஏல்வைஃப் என்ற கொழுத்த சின்ன மீனும் கிடைக்கும். வயது குறைந்த, அளவான மீன்கள் குடாவிலேயே தங்கிவிடும். இலையுதிர் காலத்தில் நீர் குளிரும்போது பெரியவை இரை மீனின் பின்னால் திரும்பக் குடாவுக்குள் வரும். குளிர்காலத்தைக் குடாவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் மறுபடி முட்டையிடப் போகும். மீன்களுக்கு அடையாளக் குறி போட்டு விட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. எனக்கு இதில் ஐயம் எதுவும் இல்லை.

இதிலிருந்தே உங்கள் மாதக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. சட்டிக்கு மீன் வேண்டும், நால்வரும் கையில் தூண்டில் பிடித்திருக்க வேண்டும் என்றால் மே, ஜூன் மாதங்களில் மேல் குடாவுக்குப் போங்கள். பருவம் மே மாத முதல் சனிக்கிழமை திறக்கும். திறப்பு நாளில் ட்ரென்ரன் பக்கம் படகுக்குப் படகு இடிக்கிற கூட்டம். திருவிழா பார்க்க ஆசையென்றால் போகலாம், மீன் பிடிக்க ஆசையென்றால் இரண்டு வாரம் பொறுத்துப் போவது நல்லது. வசந்தத்தில் ஜிக் என்ற ஈயத்தலைக் கொக்கியில் மீன் குஞ்சோ இறப்பர் வாலோ மாட்டி, அடியைத் தொட்டுத் தொட்டுத் தூக்குவார்கள். ஜூனில் நீர் சூடேறிச் செடி வளர்ந்த பிறகு, மினுங்கும் தகடும் மண்புழுவும் கோத்த நூலைச் செடி விளிம்போரமாக மெதுவாக இழுத்துப் போவார்கள். பிடிபடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று இறாத்தல் மீன். பொரிக்க அதைவிட நல்ல அளவு இல்லை.

பெரிய மீன்தான் ஆசை என்றால் ஒக்ரோபர் கடைசியிலிருந்து டிசம்பரில் பனி பிடிக்கும் வரை. இடம் லோங் ரீச், பிக்ரன் குடா, அடோல்ஃபஸ் ரீச். குவின்ரி என்றால் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவது இந்தப் பருவத்துக்காகத்தான். பத்து இறாத்தலைத் தாண்டும் மீன் இங்கே கதை இல்லை, ஒவ்வொரு வருடமும் பிடிபடுகிறது. ஆனால் இந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மீன் அடியில் கிடப்பதில்லை. நூறடி ஆழமான நீரில், மேற்பரப்பிலிருந்து இருபது, நாற்பது அடி கீழே இரை மீன் கூட்டத்தோடு மிதந்து திரியும். அதனால் ஒரே இடத்தில் நின்று பிடிக்க முடியாது. மணிக்கு இரண்டு மைலுக்கும் குறைந்த வேகத்தில் படகை ஓட்டி, நீளமான மீன் வடிவச் செயற்கை இரைகளை வெகு பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். நூலைப் படகிலிருந்து பக்கவாட்டில் தள்ளிக் கொண்டுபோக பிளேனர் போர்ட் என்ற சின்னப் பலகை ஒன்று நீரில் மிதந்து வரும். தூண்டில் கம்பு உங்கள் கையில் இருக்காது, படகு விளிம்பிலுள்ள தாங்கியில் நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது. அது திடீரெனப் பின்வாங்கினால் மீன். முறை வைத்து ஒருவர் கம்பை எடுத்துச் சுற்றுவார். நடுவில் மூன்று நான்கு மணி நேரம் ஒன்றும் நடக்காமல் போகலாம், காற்று முகத்தை அறுக்கும், தேநீர் தீர்ந்துவிடும். என்னோடு படகில் வந்தவர்களில் சிலருக்கு இது தவம்போலப் பிடித்துப்போகும். சிலர் ஒரு மணி நேரத்தில் கைபேசியை எடுத்துவிடுவார்கள். உங்கள் நால்வரில் யார் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கோடையின் நடுப்பகுதியைப் பற்றியும் கேட்பீர்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் மேல் குடாவில் மீன் கிடைக்கும், ஆனால் விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் நம்பலாம். பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் அதற்கு நன்றாகப் பார்வை தெரியும், இரை மீனுக்குத் தெரியாது. வேட்டை நேரம் அதுதான். வெயில் கொளுத்தும் மதியத்தைவிட, மேகம் மூடி, காற்றில் சிற்றலை எழும்பும் நாள் மேல். பிள்ளைகளோடு போகிற குடும்பம் என்றால் கோடை வசதி. ஆனால் அரை நாள் படகு காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இங்கே பழைய கதை ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எண்பதுகளின் கடைசியில் வந்த எங்கள் பெரியவர்கள் பலர், 'அந்தக் காலத்தில் குவின்ரிக்குப் போனால் மீன் அள்ளலாம்' என்பார்கள். அது பொய் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கழிவுநீரோடு வந்த பொஸ்பரஸால் குடா பாசி மண்டிப்போய், பிக்கரல் மிகவும் குறைந்திருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டது. அதே சமயத்தில் ஒரு கடுங்குளிர்காலத்தில் ஏல்வைஃப் பெருமளவில் செத்தது. அது இரைதான் என்றாலும் பிக்கரல் குஞ்சுகளையும் தின்னும். 1978இல் பிறந்த குஞ்சுகள் அபாரமாகத் தப்பிப் பிழைத்தன. அந்தத் தலைமுறையும் அதன் பின்னால் வந்தவையும்தான் பெரியவர்கள் கண்ட அந்தப் பொற்காலம். தொண்ணூறுகளின் நடுவில் சீப்ரா மட்டி குடாவுக்குள் வந்து நீரை வடிகட்டத் தொடங்கியது. நீர் தெளிந்தது, செடி பெருகியது, மங்கலை விரும்பும் பிக்கரலுக்கு இடம் சுருங்கியது, தொகையும் விழுந்தது. பிறகு அந்த உச்சத்துக்குக் கீழே ஒரு நிலையில் நின்றது. ஆகவே மாமாவின் 1990ஆம் ஆண்டுக் கணக்கை உங்கள் கைட்டிடம் போய்க் கேட்காதீர்கள்.

சரி, கைட் எதற்கு? படகும் கம்பும் கொடுப்பதற்கு மட்டும் என்றால் வாடகைப் படகு போதும். கைட்டின் பெறுமதி, மீன் நேற்று எங்கே எத்தனை அடியில் நின்றது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான். பருவம் முழுக்க ஒவ்வொரு நாளும் நீரில் இருப்பவர், மற்றப் படகுக்காரரோடு பேசுபவர், காற்று திரும்பினால் எந்த மறைவுக்குப் போகலாம் என்று அறிந்தவர். இலையுதிர் காலத்து ஆழ நீருக்குக் கைட் இல்லாமல் முதல்தடவை போவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிடிக்கத் தெரியாது என்பதைவிட, அடோல்ஃபஸ் ரீச்சில் காற்று அதன் நீளத்துக்கு அடித்தால் அலை சின்னப் படகு தாங்காது. நவம்பர் நீரில் விழுந்தால் கை கால் வேலை செய்ய நிமிடங்கள்தான். மேல் குடா வசந்தத்தில் அப்படி இல்லை. படகோட்டும் அட்டை உங்களில் ஒருவரிடம் இருந்து, நீர் பழக்கமும் இருந்தால், ஒருதடவை கைட்டோடு போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு மறுதடவை நீங்களே போகலாம்.

எந்தக் கைட் என்று கேட்டதற்குப் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் தொலைபேசியில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். 'மீன் உத்தரவாதமா?' என்று கேளுங்கள். 'ஓம்' என்பவரை விட்டுவிடுங்கள். இந்த வாரம் எந்தப் பகுதியில் ஓடுகிறீர்கள், ஜிக்கா, படகை ஓட்டி இரையை இழுக்கும் ட்ரோலிங்கா என்று கேளுங்கள். தினமும் நீரில் இருப்பவர் யோசிக்காமல் சொல்வார். படகு பயணிகளை ஏற்றும் வணிகப் படகாகப் பதிவானதா, காப்புறுதி உண்டா, நான்கு பேரை ஏற்றலாமா என்பதும் முக்கியம், ஏனென்றால் பல கைட்மாரின் படகு மூவருக்குத்தான் வசதி. காற்றால் பயணம் நின்றால் முன்பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா? நவம்பரில் இது அடிக்கடி நடக்கும், அதனால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பு, இரை, மீன் வெட்டித் தருவது எல்லாம் கட்டணத்துக்குள் அடங்குமா என்றும் தெளிவாக்குங்கள். கட்டணத் தொகை ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனால் அதற்கு மேல் பதினைந்து இருபது வீதம் ரிப்ஸ் (அன்பளிப்புக் காசு) கொடுப்பது இங்கே வழக்கம் என்பதை நால்வரின் கணக்கில் முதலே சேர்த்துவிடுங்கள். நம்மவர்கள் பலருக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது, கரையில் நின்று ஆளை ஆள் பார்ப்பார்கள்.

இனி ஐயமான விஷயங்கள். இரையின் நிறம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, காற்றழுத்தம் என்று படகில் பேச்சு ஓயாது. நிறம் பற்றி எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு. கலங்கிய நீரில் பளிச்சென்ற நிறமும் தெளிந்த நீரில் இயற்கையான நிறமும் எடுபடும் என்பது ஓரளவு நியாயம். அதற்கு மேல் 'நேற்று ஊதா, இன்று பச்சை' என்பதெல்லாம், எந்த நிறத்தை அதிக நேரம் நீரில் போட்டார்களோ அதில்தான் மீன் பிடிபட்டது என்ற கணக்காகக்கூட இருக்கலாம். நிலவைப் பற்றி இரண்டு நல்ல கைட்மார் எதிரெதிராகச் சத்தியம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். ஆழமும் வேகமும் சரியாக இருப்பதுதான் நிறத்தைவிடப் பெரிது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள், என் அனுபவமும் அதுதான். பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடிப்பது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சில தடவை போனதோடு சரி, பனியின் தடிப்பை நம்பி இன்னொருவருக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்கு நான் ஆளில்லை.

சட்டத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கைட்டின் உரிமம் உங்களுக்குச் செல்லாது. ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர் ஒவ்வொருவரும் சொந்த மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் என்றால் ஒருநாள் உரிமம் வாங்கலாம், அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை தேவையில்லை. குடா இருக்கும் 20ஆம் மீன்பிடி வலயத்தில் முழு உரிமத்துக்கு ஆளுக்கு 4 பிக்கரல், குறைந்த விலை உரிமத்துக்கு 2. இரண்டிலும் 63 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது ஒன்றுதான் வைத்திருக்கலாம். விதிகள் மாறக்கூடியவை, போகிற வருடத்தின் மாகாணக் கையேட்டைப் பார்த்துக்கொண்டு போங்கள். மீனைக் கைட் வெட்டித் தந்தால் துண்டில் தோல் ஒரு பெரிய பகுதியாவது இருக்க வேண்டும். எந்த மீன், எத்தனை, என்ன அளவு என்று அதிகாரி கேட்டால் காட்டத் தெரிய வேண்டும். நான் முழுமீனாகவே பனிக்கட்டிப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துதான் வெட்டுவேன், அதில் தலையும் மிஞ்சும்.

சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். சாப்பிடலாம், அளவோடு. பாதரசம் மீனின் வயதோடு சேர்ந்துகொண்டே போகும், அதனால் சின்ன மீன் எப்போதும் மேல். ஒன்ராறியோ அரசு எந்த நீரில் எந்த மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று அட்டவணை வெளியிடுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு, அது இன்னும் இறுக்கமானது. சதை வெள்ளை, மென்மை, முள் குறைவு. கடல்மீன் பழகிய நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். மிளகும் மஞ்சளும் போட்டுப் பொரித்தால் பாரைக்காரரும் வாய் திறக்க மாட்டார்கள். புளிக் குழம்பில் போட்டால் உடைந்து கரைந்துவிடும். தலையை வீசாதீர்கள், சொதிக்கு நல்லது, கன்னச் சதைக்கு வீட்டில் சண்டை வரும்.

பெரிய மீன் கிடைத்தால் என்ன செய்வது என்பதில் என் கருத்து ஒருபக்கச் சார்பானது. எட்டு, பத்து இறாத்தல் பிக்கரல் பெரும்பாலும் பெண், பல வருடம் முட்டையிட்டது, இன்னும் இடக்கூடியது. சுவையிலும் அது சின்னதுக்கு ஈடில்லை, பாதரசமும் அதில்தான் கூட. ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள் என்பேன். ஆனால் விடுவதற்கும் முறை உண்டு. கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே மற்றக் கையைக் கொடுங்கள், படம் எடுப்பவர் தயாரான பின்பே நீரிலிருந்து தூக்குங்கள். மிகவும் ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றிய மீன் காற்றுப்பை வீங்கித் திரும்ப இறங்க முடியாமல் மிதக்கும். அப்படியானதை, சட்டம் இடம்கொடுத்தால், வைத்துக்கொள்வதுதான் நியாயம். இதைப் படகில் ஏறும்போதே கைட்டிடம் சொல்லிவைத்தால், மீன் ஏறிய நேரத்தில் நால்வரும் நாலு கருத்து சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

காசு இறுக்கம் என்றால் கைட் இல்லாமலும் வழி உண்டு. பெல்வில்லில் மேயர்ஸ் பியர் என்ற படகுத் துறையிலும் ட்ரென்ரன் ஆற்றோரத்திலும் கரையில் நின்று, பருவம் திறந்த பிறகு இருட்டும் நேரத்தில் ஜிக் போடுங்கள். பிடிபடும் என்ற உறுதி படகைவிடக் குறைவு, செலவு பெற்றோலும் தேநீரும் மட்டும். ஆற்றில் சில பகுதிகள் குறிப்பிட்ட காலம் முழுத் தடை வலயம், பலகையைப் பார்த்து நில்லுங்கள். மீன் குஞ்சு இரை வாங்கினால் இங்கேயே வாங்கி, பற்றுச்சீட்டைப் பையில் வையுங்கள். 2022 முதல் இரை மீனை ஒரு இரை நிர்வாக வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நால்வரும் முதல்தடவை என்றால் என் பரிந்துரை மே கடைசி வாரம், மேல் குடா, அரை நாள் கைட், விடியலில் தொடக்கம். அதில் ருசி பிடித்தவர் நவம்பருக்குத் தடித்த கோட் வாங்கலாம்.